பத்து நாளில் ஒரு தீவு

ஒரு தீவைக் காரில் சுற்றிவர எத்தனை நாள் வேண்டும்?

யாராவது இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மேப்பை விரிப்பீர்கள். கரையோரமாக விரலை ஓட்டுவீர்கள். கிலோமீட்டரைக் கூட்டி, கையில் இருக்கும் லீவு நாட்களால் வகுப்பீர்கள். தீர்ந்தது வேலை. தீவு என்றாலே அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது பாருங்கள். கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். வழி தவறவே முடியாது!

ராயபுரத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் அப்படித்தான் வகுத்துக்கொண்டு வந்து நின்றார். துறைமுகத்தை ஒட்டி ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை அவருக்கு. சென்னையில் ஏற்றுகிற கன்டெய்னர்களில் பல, சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் வெளிநாடு போகின்றன. அதனால் கொழும்பு என்பது அவர் தினமும் பேப்பரில் பார்க்கிற பெயர்.

"பொட்டி தெனம் போவுது சார். நாம ஒரு வாட்டி கூடப் போகல" என்றார். "சிலோன் ஒரு ரவுண்டு. பத்து நாளு. ஃபுல்லா கார்ல."

அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. மொத்தம் ஆறு பேர். நான் இரண்டு முறை இலங்கை போய்வந்தவன் என்பதால் தெருவில் எனக்கு ஒரு டிராவல் ஏஜென்ட் மரியாதை உண்டு. நோட்டை நீட்டினார். கட்டம் போட்டு, கலர் பேனாவில் எழுதியிருந்தார்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இறங்குவது. காலி, திஸ்ஸமஹாராம, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், அனுராதபுரம், மறுபடி ஏர்போர்ட். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர்.

"பத்தால வகுத்தா ஒரு நாளைக்கு நூத்தம்பது. வேலூர் போற தூரம் சார். மூணு மணி நேரத்துல போய் பிரியாணி சாப்டலாம்."

கணக்கு சரிதான். இலங்கை தமிழ்நாட்டில் பாதி. வடக்கு தெற்காக 430 கிலோமீட்டர் சுமார். சென்னையில் இருந்து மதுரை அளவுகூட இல்லை. அகலம் 225. இதைச் சுற்றப் பத்து நாள் எதற்கு என்றுகூடத் தோன்றும்.

ஆனால் ராயபுரத்துக்காரருக்குக் கிலோமீட்டரின் லட்சணத்தை வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டுமா என்ன? எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், திருவொற்றியூரில் இருந்து துறைமுக வாசல் வரையிலான தூரத்தை நாம் கிலோமீட்டரிலா சொன்னோம்? 'ரெண்டு டீ, ஒரு தூக்கம்' என்றல்லவா சொன்னோம்?

அதே சங்கதிதான் அங்கேயும். நுவரெலியாவில் இருந்து எல்ல 55 கிலோமீட்டர் சொச்சம். இங்கிருந்து காஞ்சிபுரம்கூட வராது. ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். கொழும்பில் இருந்து ஹட்டன் 130 கிலோமீட்டர் போல. நான்கு மணி நேரம். நடுவில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் ஐந்து. ஊருக்குள் காருக்கு 50 கிலோமீட்டர் வேகம், ஊருக்கு வெளியே 70, எக்ஸ்பிரஸ்வேயில் 100 என்பது அங்கே சட்டம். மலைப்பாதையில் சட்டமே தேவையில்லை. எதிரே சிவப்பு பஸ் வளைவில் திரும்புகிற அழகைப் பார்த்தால் நாமாகவே முப்பதுக்கு வந்துவிடுவோம்.

ஆகவே நீங்கள் இலங்கை போவதாக இருந்தால் முதல் வேலையாக நோட்டில் கிலோமீட்டர் கட்டத்தை அடித்துவிட்டு, அங்கே மணி நேரத்தை எழுதுங்கள். மலையில் மணிக்கு 30 கிலோமீட்டர், சமவெளியில் 45 என்று போட்டால் அநேகமாகச் சரியாக வரும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காராதீர்கள். வயசானவர்கள் இருந்தால் நான்கு.

அடுத்தது, அந்த 'கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு' சமாசாரம். அதுவும் நடக்காது. இலங்கையில் கரையோரச் சாலை முழு வட்டமாகப் போவதில்லை. தென்கிழக்கில் யால காடு கடல் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. வடமேற்கில் வில்பத்து காடு. இரண்டு இடத்திலும் உள்நாட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். கரையை ஒட்டியே தீவில் பாதியைக் கடக்கிறவர்கள் ஒரு சாரார் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து, கடைசியில் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்தக் காட்டுக்குள்ளேயே போய்விடுவார்கள். கார் போகாத வழியில் கால் போகும்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பிக்குக் கொஞ்சம் சுருதி இறங்கியது. எதையாவது வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று இருவரும் நோட்டின் மேல் குனிந்தோம்.

நான்காம் நாள் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'எல்ல - நுவரெலியா - அப்பா எஸ்டேட் (1 மணி நேரம்) - கண்டி.'

அப்பா எஸ்டேட்டா?

"அப்பா பொறந்தது அங்கதான் சார். ஹட்டன் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டம். சின்ன வயசுலயே வந்துட்டாரு. போற வழிதானே, ஒரு எட்டு காட்டிட்டுப் போயிடலாம்னு போட்டேன்."

* * *

உங்களில் பலருக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் இலங்கை மலைகளில் முதலில் காபி போட்டான். 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து காபி அழிந்தது. தேயிலைக்கு மாறினான். இரண்டுக்கும் காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியது தமிழ்நாட்டில் இருந்து போன ஜனங்கள். மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948-லேயே இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அதன்படி இவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை. இந்தியப் பிரஜைகளும் இல்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மூட்டைக் கணக்குப் போல இருக்கிறது இல்லையா? எந்த மூட்டையில் அண்ணன், எந்த மூட்டையில் தங்கை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு குடும்பமும் மனுப் போட வேண்டும். இந்தியா வேண்டும் என்றோ, இலங்கை வேண்டும் என்றோ. இந்தியா என்றானவர்கள் மலையில் இருந்து ரயிலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடு முழுக்கச் சிதறினார்கள். கொஞ்சம் பேர் நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலையே கிள்ளினார்கள்.

எங்கள் தெருப் பெரியவர் ராயபுரம் வந்தார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிறகு இவரும் தூக்கினார். இப்போது வயசு 65. முப்பது வருஷமாகத் தினம் பார்க்கிற மனிதர். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசும்போது இவரை யாரும் வெளியூர் என்று சொல்ல முடியாது. ரயிலை மட்டும் எப்போதாவது 'கோச்சி' என்று சொல்வார். நாங்கள் அதை ஏதோ தமாஷ் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, எஸ்டேட்டுக்கு ஒரு மணி நேரம் போதுமா?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க பாக்க நிறைய எடம் இருக்கு தம்பி. எனக்காக எதுக்கு..." என்று இழுத்தார்.

அவர் மனைவி உள்ளே இருந்து வந்தார். "கேக்காதீங்க தம்பி, வாயத் தொறக்க மாட்டாரு. அந்தப் புயல் வந்தப்ப மூணு நாள் டி.வி. முன்னாடியே உக்காந்திருந்தாரு. சோறு எறங்கல. அக்கா அங்க இருக்குதுல்ல."

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைச் சொல்கிறார். இலங்கை மலைப் பகுதிகளில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். அதே புயல்தான் பிறகு வலுவிழந்து நம் கரைப் பக்கம் வந்து வட சென்னையில் மழையாகக் கொட்டியது. நாமெல்லாம் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்.

அக்கா எட்டு வயசு மூத்தவள். 1971-ல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவருடைய அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1972-ல் இவர்களுக்கு முறை வந்தது. அப்போது இவருக்குப் பதினொரு வயசு. ஹட்டன் ஸ்டேஷனுக்கு அக்கா வந்தாள். "கோச்சி முழுக்க அழுகைதான். எங்க அம்மா சன்னல் கம்பிய விடல. அக்கா கூடவே ஓடியாந்துச்சு, பிளாட்பாரம் தீர்ற மட்டும்."

அதற்கப்புறம் கடிதங்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. இவர்களும் இரண்டு மூன்று வீடு மாறிவிட்டார்கள். பழைய விலாசத்துக்குக் கடிதம் வந்து திரும்பிப் போயிருக்கலாம். வராமலே இருந்திருக்கலாம்.

மகன் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு அத்தை உண்டுன்னு தெரியும் சார். இப்ப இருக்காங்களான்னு யாருக்கும் தெரியாது" என்றார், மெதுவாக.

நோட்டில் 'ஒரு மணி நேரம்' என்பதை அவரே அடித்தார்.

* * *

இனிமேல் திட்டம் வேறு. ஒரு இடத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடலாம். காலிக் கோட்டைக்கு அரை நாள். நுவரெலியா பூங்காவுக்கு ஒரு மணி நேரம். ஆனால் ஒருவரைத் தேடுவதற்கு எவ்வளவு நேரம் என்று எந்த கைடு புத்தகத்திலும் போட்டிருக்காது.

முதல் சிக்கல், இடமே தெரியவில்லை. பெரியவருக்குத் தோட்டத்தின் பெயர் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்ல தமிழ்ப் பெயர். கூகுள் மேப்பில் போட்டால் ஒன்றும் வரவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர். துரைமார்களில் நிறையப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஊர் ஞாபகத்தில் அவரவர் ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் மேப்பில், ரெஜிஸ்டரில், தேயிலைப் பெட்டியின் மேல். வேலை செய்த ஜனங்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் வாயில் மட்டும். பெரியவருடைய அப்பாவின் பாஸ்போர்ட்டில் இங்கிலீஷ் பெயர் இருந்திருக்கும். அது எந்த வருஷத்து மழையிலோ ஊறிப் போய்விட்டது.

இங்கேதான் கார் விஷயம் உதவிக்கு வந்தது. தம்பிக்குத் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. தப்பில்லை. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கப் போக்குவரத்துதான். இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வருஷத்துக்கு இன்டர்நேஷனல் பர்மிட் தருவார்கள். ஆனால் அதை மட்டும் காட்டி ஓட்டிவிட முடியாது. அந்த நாட்டு அனுமதியையும் சேர்த்து வாங்க வேண்டும். அப்புறம் 'மஞ்சள் கடவை' என்று ஒன்று இருக்கிறது. பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடம். அங்கே ஆள் காலை வைத்தால் வண்டிகள் நிற்கும். நம் பழக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: "வண்டியோட டிரைவரையும் சேர்த்து எடுங்க. கொழும்பு டிரைவர் வேண்டாம். ஹட்டன் பக்கத்துத் தமிழ் டிரைவர் யாராவது கிடைப்பாங்களான்னு பாருங்க."

கிளியரிங் ஆபீஸ் தொடர்பில் கொழும்புக்குப் பேசி, அங்கிருந்து இன்னொருவரைப் பிடித்து, நான்கு நாளில் ஒரு வேன் டிரைவரின் நம்பர் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். தம்பி அந்தத் தமிழ்ப் பெயரைச் சொன்னார்.

அந்தப் பக்கம் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "தெரியுமே! மஸ்கெலியா ரோட்டுல போய் மேல ஏறணும். எந்த டிவிஷன் ஐயா? மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா?"

நாங்கள் இருவரும் விழித்தோம். நாற்காலியில் இருந்த பெரியவர் சட்டென்று முன்னால் குனிந்தார். "கீழ் டிவிஷன். மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த லயம். பிரட்டுக்களத்துல இருந்து பார்த்தா தெரியும்" என்றார். ஐம்பது வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்தவர் போல.

லயம் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். பிரட்டுக்களம் என்பது விடியற்காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடம். இருபது வருஷமாக எங்களோடு கேரம் ஆடுகிற மனிதரின் வாயில் இந்த வார்த்தைகளை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"லயம் இருக்குங்க ஐயா. புயல்ல அந்தப் பக்கம் மண் வந்துச்சு. ஆனா கோயில் இருக்கு, லயமும் இருக்கு. யார் யார் இருக்காங்கன்னு நேர்ல போய்த்தான் கேக்கணும். சில பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்ட்டாங்க. நாலு லயத்துல விசாரிச்சா தெரிஞ்சிரும்" என்றார் டிரைவர்.

நாலு லயத்தில் விசாரிக்க வேண்டும். ஆக, ஒரு பகல் போதாது. இரண்டு பகல்.

* * *

அடுத்து எப்போது போவது என்பது. இலங்கைக்கு இரண்டு மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கொழும்பு, காலி, மலையின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். திருகோணமலையும் மட்டக்களப்பும் காயும். அக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை நம்மோடு சேர்ந்து வடக்கும் கிழக்கும் நனையும். தீவு முழுக்க ஓரளவு காய்ந்திருக்க வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான்.

மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏப்ரல் 13, 14 அங்கே சிங்களவர்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான புத்தாண்டு. அந்த வாரம் கடை இருக்காது, வண்டி கிடைக்காது, நுவரெலியாவில் ரூமும் கிடைக்காது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரம். அந்தச் சமயத்தில் மலையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். காலையில் வண்டி ஓட்டி, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கதி. டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம். சனி ஞாயிறு, பௌர்ணமி நாட்களில் ஹட்டன் - மஸ்கெலியா ரோடு பஸ்களால் அடைத்துக்கொள்ளும். எனவே அந்த இரண்டு பகலும் வார நாளாக இருக்கும்படி ஃபிளைட் டிக்கெட்டைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். பெரியவருடைய நாள் முதலில். மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு.

இப்போது வெட்டுகிற வேலை. யாழ்ப்பாணம் போயிற்று. சென்னையில் இருந்து நேராக விமானம் வந்துவிட்டது, நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பலும் ஆரம்பித்தார்கள். அதை இன்னொரு தடவை தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். திருகோணமலையும் போயிற்று. சிகிரியாவில் ஆயிரத்துச் சொச்சம் படி. வீட்டில் ஏறக்கூடியவர்கள் பாதிப்பேர்தான். அதுவும் போயிற்று.

மன்னாரை அடிக்கும்போது மட்டும் தம்பி தயங்கினார். "தலைமன்னார் இருக்கேப்பா. நீ கப்பல் ஏறின எடம். அதப் பாக்க வேணாமா?"

"அது மட்டும் வேணாம்டா" என்றார் பெரியவர். "அங்க கிளம்புனது போதும்."

மிச்சம் இருந்தது தெற்குப் பாதி. முதல் நாள் இறங்கி நீர்கொழும்பில் ஓய்வு. இரண்டாம் நாள் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன். கித்துல்கலவில்தான் 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைப் பிடித்தார்கள். ஆற்றோரம் டீ குடிக்க நல்ல இடம். மூன்றும் நான்கும் ஹட்டன். ஐந்தாம் நாள் தலவாக்கலை அருவிகளைப் பார்த்துக்கொண்டே நுவரெலியா. பக்கத்தில் சீதையம்மன் கோயில். ஆறாம் நாள் எல்ல. மருமகளுக்கு ஒன்பது வளைவுப் பாலத்தில் போட்டோ. ஏழாம் நாள் வெல்லவாய வழியாக இறங்கிக் கதிர்காமம். இது அம்மாவின் கோட்டா. பொழுது சாய்வதற்கு முன் போய்விட வேண்டும், யானை குறுக்கே வரும். எட்டாம் நாள் விடியற்காலை பிள்ளைகளுக்கு யாலவில் ஜீப் சவாரி, மாலையில் காலி. ஒன்பதாம் நாள் கொழும்பு.

காலியில் இருந்து கொழும்புக்கு 2011-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் வந்தால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். நான் பழைய கடற்கரை ரோட்டில் வரச் சொன்னேன். ஹிக்கடுவவுக்குப் பக்கத்தில் பெரலிய என்கிற இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே ஒரு பாசஞ்சர் ரயிலையே தூக்கிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ரயிலில் இறந்தார்கள். அதே காலையில் காசிமேட்டில் நாம் என்ன பார்த்தோம் என்பது நமக்குத் தெரியும். அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவது ராயபுரத்துக்காரர்களுக்கு ஒரு முறை.

பத்தாம் நாள் ஏர்போர்ட். மொத்தத் தூரம் முன்னே போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

"தீவைச் சுத்தவே இல்லியே சார். பாதிதான போறோம்" என்றார் தம்பி. அந்த 'ஒரு ரவுண்டு' மேல் அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவரே நோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நீங்கள் எந்த ஊருக்குத் திட்டம் போட்டாலும் ஒன்று செய்யுங்கள். ஓட்டல், கார், டிக்கெட் எல்லாவற்றுக்கும் முன்னால், கூட வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், 'உனக்கு எது?' என்று. முக்கியமாக, 'எனக்கு எதுவானாலும் சரி' என்று சொல்கிறவரிடம் இரண்டாவது தடவை கேளுங்கள். அவர் வீட்டுக்காரியிடமும் கேளுங்கள்.

நோட்டில் மூன்றாம் நாள், நான்காம் நாள் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மற்ற கட்டங்களில் எல்லாம் மணி போட்டு எழுதியிருக்கிறது.

போன வாரம் பெரியவர் மனைவியோடு எம்.சி. ரோட்டுக்குப் போனாராம். அவர் மனைவி சொன்னார். கடைப் பையன், "யாருக்குமா? வயசானவங்களுக்கா, சின்ன வயசுக்காரங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறான். பெரியவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறார். அவர் கடைசியாகப் பார்த்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயசு. இருந்தால் இப்போது எழுபத்துமூன்று.

இரண்டு புடவை எடுத்திருக்கிறார். ஒன்று சந்தனக் கலரில், சின்னக் கரை. இன்னொன்று நல்ல அரக்குச் சிவப்பு. "அக்கா இருந்தா அக்காவுக்கு அது, மக இருந்தா மகளுக்கு இது" என்றாராம். "யாருமே இல்லேன்னா?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"லயத்துல யாராவது இருப்பாங்கல்ல" என்றாராம்.